அம்மாவிடம் இருக்கும் அப்பாவின் பங்கு

டயாலிசிஸ் படுக்கையில் அப்பா வாந்தி எடுத்த அன்று, வெளியே நடைக்கூடத்தில் அம்மாவும் நானும் இருந்தோம். தங்கை இல்லை. இளம்பிள்ளையில் புகுந்த வீட்டில், பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு இருந்தாள். பெரியப்பா இல்லை. ரிக் வண்டியோடு (ஆழ்துளைக் கிணறு போடும் லாரி) வடக்கே ஏதோ ஓர் ஊரில் இருந்தார். அப்பாவுக்குச் சிறுநீரகம் பொருத்துவதாக இருந்த அறுவை மருத்துவரும் அன்று இல்லை. அவரைக் கூப்பிடவேண்டிய வேலையாக அது இருக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு செவிலியர் ஓடிவந்தார். அவர் கையில் இருந்த தட்டில், காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டியதுபோல் ஏதோ கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காப்பி குடிச்சாரா? தண்ணியவே அளந்து குடுக்கறோம். காப்பி ஆரு குடுத்தா அவருக்கு?"

அது காப்பி அல்ல. இரைப்பையின் அமிலத்தில் கிடந்து கறுத்துப்போன ரத்தம். எனக்கும் அது அப்போது தெரியாது.

டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுநீரகத்தைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். வயிற்றைப் பற்றி யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. எங்களுக்குச் சொன்னார்கள். சொன்னது அப்பாவின் காதில் வேறு விதமாக விழுந்தது.

அப்பாவின் பெயர் அர்த்தனாரி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. அம்மா பாவாயியும் அதே பண்ணையில் முட்டை பொறுக்கியவள்தான். எங்கள் வீட்டில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான். சேலத்தில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் மருத்துவமனையில் பேசுகிற வேலை என்னுடையது. டாக்டர் அறைக்குள் போனதும் அப்பா, "நீ படிச்சவன், நீயே பேசு சாமி" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொள்வார்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் முடித்திருந்தன. வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்குப் பேருந்தில் வந்து டயாலிசிஸ் (உடலின் ரத்தத்தை இயந்திரம் வழியாக ஓட்டிக் கழிவையும் மிகுந்த நீரையும் பிரிக்கும் சிகிச்சை) செய்துகொள்வார். மற்ற நாள்களில் பண்ணையில் உட்கார்ந்து உடைசல் முட்டை பிரிப்பார். வருடங்கள் இப்படி ஓடின.

பிறகு அம்மா ஒருநாள், "என்றது ஒண்ணைக் குடுத்தா என்ன?" என்றாள். அரிசி கடன் கொடுப்பதுபோலத்தான் சொன்னாள். சோதனைகள் தொடங்கின. ரத்தப் பிரிவு ஒத்துப்போனது. கிராஸ்மேட்ச் (தருபவரின் ரத்த அணுக்களைப் பெறுபவரின் ரத்தம் தாக்குமா என்று சேர்த்துப் பார்க்கும் சோதனை) நன்றாக வந்தது. சிறுநீரக மருத்துவர், நடுவயதுப் பெண்மணி, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "அம்மாவுக்கு இடது பக்கம் இருக்கறதை எடுப்போம்" என்றார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது தன்னுடையதாக இல்லை. "உங்கப்பன் பங்கு" என்றுதான் சொல்வாள். கனத்த குடத்தை இடது இடுப்பில் வைப்பதை விட்டாள். அதுவரை தாகம் எடுத்தால்கூட வேலை முடியட்டும் என்று இருப்பவள், வேளை தவறாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு என்பதால், அவர் கண்ணில் படாமல் சமையல்கட்டுக்குள் போய்க் குடிப்பாள். அப்பா விடமாட்டார்.

"ஏ புள்ள, என்ற பேரச் சொல்லி ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கறியா?"

"உங்க பங்குக்குத்தானுங்க ஊத்தறேன். எனக்கா ஊத்தறேன்?"

டயாலிசிஸ் அறையில் ஊசி போடும் தம்பிகூட, "அர்த்தனாரின்னு பேர் வெச்சவரு தெரிஞ்சேதான் வெச்சிருக்காருங்க. பாதி உடம்பு சம்சாரத்துது ஆவப்போவுது" என்று கேலி செய்வான். அப்பா சிரிப்பார். அந்த மாதங்களில் அவர் நிறையச் சிரித்தார்.

வயிறு முதலில் காட்டிக்கொண்டது எங்கள் நாயிடம்.

டயாலிசிஸில் புரதம் வெளியேறும் என்பதால் முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் முட்டைக்குப் பஞ்சமில்லை. அம்மா வேகவைத்து, மஞ்சளை எடுத்துவிட்டு, கிண்ணத்தில் வைப்பாள். அப்பா வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வரும். கொஞ்ச நாளில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

"ஊட்டுல இருக்கறவங்கெல்லாம் ஓடாத் தேயறோம். இந்த நாய் மட்டும் ஏன் இப்படிப் பெருக்குது?"

கேட்டபோது அப்பா ஒப்புக்கொண்டார். இரண்டு வாய் வைத்தாலே வயிறு நிறைந்துவிடுகிறது, நெஞ்சுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார். பக்கத்துப் படுக்கைகளில் விசாரித்தேன். ஒருவருக்குக் குமட்டல், ஒருவருக்கு உப்புசம், இன்னொருவருக்கு எரிச்சல். "டயாலிசிஸ்னா அப்படித்தானுங் தம்பி" என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. கழிவு தேங்கும் உடம்பில் இரைப்பையின் வேலை மந்தமாகிவிடும். அதன் உள்தோல் மெலிந்து சீக்கிரம் புண்ணாகும். எல்லோருக்கும் இருக்கிறது என்பதாலேயே யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை. இதோடு கால் உளைச்சலுக்கென்று மருந்துக் கடையில் அப்பாவே கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளும் சேர்ந்தன. சிறுநீரகம் போனவர்களின் வயிற்றை அந்த மாத்திரைகள் என்ன செய்யும் என்பது கடைக்காரருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

மாற்று அறுவைக்கு முன்னால் மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அப்புறமா நாங்க குடுக்கற மருந்தெல்லாம் உடம்போட எதிர்ப்பைக் குறைக்கும். அதனால வயித்துல புண்ணு, பல்லுல சீழு, எது இருந்தாலும் மொதல்ல அதை ஆத்தணும். ஆத்தினதுக்கு அப்புறம்தான் ஆபரேஷன். உங்களுக்கு வயிறு எப்படி இருக்கு? மோஷன் எப்படிப் போகுது?"

நான் சாப்பாடு இறங்காததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"நல்லாப் போவுதுங்க. ஒரு குறையும் இல்லீங்க. சோறு கொஞ்சம் மெதுவா எறங்குது, அம்புட்டுத்தான்."

அவர் தானாகப் பேசியதில் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அறுவைக்கு முந்தைய சோதனைகளில் எண்டோஸ்கோப்பியும் (வாய்வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் பார்ப்பது) உண்டு, அடுத்த மாதம் எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர்.

திரும்பி வரும் பேருந்தில் அப்பா கேட்டார்.

"புண்ணு கிண்ணு இருந்தா ஒதுக்கிருவாங்களா சாமி?"

"ஒதுக்க மாட்டாங்கப்பா. கொஞ்ச நாள் தள்ளிப் போடுவாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா பண்ணையில் என்ன வேலை செய்தார் என்பதை இங்கே சொல்லவேண்டும். காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் அவர் கோழிகளைப் பார்க்கமாட்டார். கூண்டுக்குக் கீழே கிடக்கும் எச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தண்ணீராகப் போயிருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். எச்சம் சரியில்லாத இடத்துக்கு நேர் மேலே இருக்கும் கோழியை எடுத்துக்கொண்டுபோய்க் கோடியிலுள்ள தனிக் கூண்டில் விடுவார். மருந்து வைப்பார்கள். சில தேறும். ஆனால் தேறினாலும் வரிசையில் அதற்குப் பழைய இடம் இருக்காது. அன்றைக்கே அங்கே வேறொரு கோழி வந்திருக்கும். தனிக் கூண்டிலிருந்து அது வியாபாரியின் வண்டிக்குத்தான் போகும்.

இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர், தன்னுடையது தார்போலக் கறுத்துப் போவதைப் பார்த்தார். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் கழிப்பறை விளக்கு கெட்டுப்போனது அந்த நாள்களில்தான். மாற்றுகிறேன் என்றதற்கு, "அதுக்குள்ள என்ன படிக்கவா போறோம்? கெடக்கட்டும் உடு" என்றார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். ஒருமுறை அம்மா, ரோடு போடும் இடத்தில் வரும் வாடை அடிக்கிறதே என்று கேட்டிருக்கிறாள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், டாக்டரே சொன்னார் என்று பதில் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னது உண்மை. ஆனால் அந்த மாத்திரையை நிறுத்தி, டயாலிசிஸின்போது இரும்பை ஊசியாகப் போடத் தொடங்கி வெகு நாள் ஆகியிருந்தது. ஊசியில் போகும் இரும்பு மலத்தைக் கறுப்பாக்காது. அம்மாவுக்கு இது தெரியாது. அவள் கேட்டதும் அவர் சொன்னதும் எனக்குத் தெரியாது.

அந்த மாத ரத்தச் சோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. உணவு ஆலோசகர் அம்மாவைக் கடிந்துகொண்டார்.

"கீரை குடுக்காதீங்கன்னு எத்தனை தடவைமா சொல்றது? இதயம் நின்னுடும்."

"எங்கூட்டுக்குள்ள கீரையே வாரதில்லீங்க" என்று அம்மா கண்ணில் நீரோடு சொன்னாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அப்பா பண்ணை வேலியோரம் முளைத்துக் கிடந்த மணத்தக்காளியைப் பறித்துப் பச்சையாக மென்று தின்றுகொண்டிருந்தார். வயிற்றுப் புண்ணுக்கு அது நல்லது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது என்பது அவருக்கும் தெரியும். எண்டோஸ்கோப்பி நாளுக்குள் புண்ணை ஆற்றிவிடலாம் என்று இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து அவர் தின்றிருக்கிறார்.

ஹீமோகுளோபினும் (ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) இறங்கியது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தசோகை வழக்கம்தான் என்று, ரத்தம் ஊறுவதற்காகப் போடும் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கமான காரணம் இருந்தது.

எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருந்த வாரத்திலேயே புண் உடைந்தது. டயாலிசிஸின்போது ஹெப்பாரின் (ரத்தம் இயந்திரத்துக்குள் உறையாமல் இருக்கத் தரும் மருந்து) ஏற்றுவார்கள். புண்ணிலிருந்து கசிந்துகொண்டிருந்த ரத்தம் அன்று நிற்கவில்லை. தட்டில் கிடந்த அதைத்தான் அம்மா காப்பி என்று நினைத்தாள்.

இயந்திரத்தை நிறுத்தி, அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிறுநீரக மருத்துவர் எங்களை ஓரமாக அழைத்தார்.

"உடனே ரத்தம் ஏத்தணும். ஒரு பையில முடியாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அடுத்தவங்க ரத்தம் உள்ள போனா, அதுக்கு எதிரா அவர் உடம்புல எதிர்ப்பொருள் உண்டாகலாம். உண்டாச்சுன்னா அம்மாவோட கிட்னியையும் அது ஏத்துக்காமப் போகலாம். வடிகட்டின ரத்தம்தான் தர்றோம். இருந்தாலும் உறுதி சொல்ல முடியாது."

நான் அதை அம்மாவுக்கு எங்கள் பேச்சில் மறுபடி சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை.

"எனக்கு வெளங்குச்சு. ஏத்துங்கம்மா. ஆளு இருந்தாத்தானே பங்கு?"

அப்படிச் சொன்னபோது அவளுடைய இடது கை இடுப்புக்கு மேலே அழுத்திப் பிடித்திருந்தது.

முன்சிறுகுடலில் (இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் வளைவு) புண் இருந்தது. அதன் நடுவில் ஒரு ரத்தக் குழாய் திறந்துகிடந்தது. எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாகவே சிறு கிளிப் போட்டு வயிற்று மருத்துவர் அதை நிறுத்தினார். சுற்றிலும் உள்தோல் எங்கு பார்த்தாலும் சிவந்து, தொட்டால் கசிகிற நிலையில் இருந்ததாகச் சொன்னார். புண்ணை உண்டாக்கும் கிருமியும் இருந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து, கிருமிக்கு மருந்து, சில வாரங்களுக்கு ஹெப்பாரின் இல்லாமலே டயாலிசிஸ். வலி மாத்திரை இனி எந்நாளும் கூடாது.

அப்பா எழுந்து உட்காரும் நிலைக்கு வந்ததும் மருத்துவர் அவர் கட்டிலோரம் நின்று கேட்டார்.

"கறுப்பாப் போறது உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியுமுங்க. லைட்டைக் கழட்டி வெச்சதே நாந்தானுங்க."

"ஏன் சொல்லல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொன்னா ஒதுக்கிருவீங்களே. என்ற பங்கை வேற ஆளுக்குக் குடுத்துருவீங்கன்னு நெனச்சனுங்க. எத்தனை பேரு காத்துக்கெடக்கறாங்க."

அம்மா தன் உடம்பிலிருந்து கொடுப்பது அவருக்கு மட்டும்தான், அது எந்த வரிசையிலும் இல்லை, எவ்வளவு நாள் தள்ளிப்போனாலும் வேறு ஒருவருக்குப் போகாது. இதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. இப்படி ஒரு சந்தேகம் ஒருவருக்கு வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவர் கட்டிலில் தொங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தார். "தள்ளித்தான் வெச்சிருப்பேன். ரெண்டு மாசம். மாத்திரையிலயே ஆறியிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் போனபிறகு அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நான் என்ன சந்தைக் கோழியா? எவனோ வந்து கேட்டா என்னைய அறுத்துக் குடுத்துருவாங்களா?"

"கோவிச்சுக்காத புள்ள."

"கோவம் இல்லீங்க" என்றாள். கோபம் இருந்தது. சிலநாள் அவருக்குச் சோறு ஊட்டும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

புண் ஆறியது. இதைச் சொல்லவேண்டியது அவசியம், ஏனென்றால் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது அந்தப் புண் இருக்கலாம். இரண்டாம் முறை குழாய் விட்டுப் பார்த்தபோது அங்கே வெளிறிய தழும்புதான் இருந்தது. அப்பா முட்டையை முழுதாகத் தின்றார். நாய் இளைத்தது. உங்கள் வீட்டில் இருப்பவரிடம் மலத்தின் நிறத்தை வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலோடு நிறுத்தாமல் நீங்களே பாருங்கள். சொன்னால் எதுவும் கைவிட்டுப் போகாது என்பதை, அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவையுங்கள்.

அதன் பிறகு கிராஸ்மேட்ச்சை மறுபடி செய்தார்கள். இந்த முறை அப்பாவின் ரத்தம் அம்மாவின் அணுக்களைத் தாக்கியது. ஆய்வகத்தின் தவறாக இருக்கலாம் என்று இன்னொரு தடவையும் பார்த்தார்கள். அதே முடிவு. எதிர்ப்பொருள்களை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் சிகிச்சை பெரிய நகரங்களில் உண்டு என்றும், இவருடைய இதயமும் குடலும் அதைத் தாங்குமென்று தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்காகப் பதிவுசெய்து வைத்திருக்கிறோம். அப்பா இப்போது உண்மையிலேயே ஒரு வரிசையில் இருக்கிறார்.

முடிவைக் கேட்டுவிட்டு மூவரும் பேருந்தில் திரும்பினோம். ராசிபுரம் நிறுத்தத்தில் இறங்கும்போது அம்மா, பழக்கத்தில், இடது பக்கம் இடிபடாமல் கையை வைத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியபின் அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்துக் கீழே தொங்கவிட்டாள்.

எங்களுடைய வாரத்தில் இப்போது ஏழு நாள் கிடையாது. டயாலிசிஸ் நாள், அதற்கு மறுநாள் என்று இரண்டே வகைதான். அடுத்த ஆண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா தினமும் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் நிறத்தைச் சொல்கிறார். முன்பு முதலாளியிடம் கொட்டகை நிலவரம் சொல்வாரே, அதே குரல். அம்மா தலையாட்டுகிறாள். என் வயிறு கொஞ்சம் எரிந்தாலும் எனக்கு அது என் வயிறாகத் தோன்றுவதில்லை. உள்ளே யாரோ எதையோ சொல்லாமல் வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

அம்மா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். பழையபடி, வேலை முடியட்டும் என்று இருந்துவிடுவாள். அப்பா சில நாள் அதைக் கவனித்தார். ஒரு மத்தியானம் அவரே எழுந்துபோய், ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"குடி புள்ள."

"எதுக்குங்க? இனி ஆருக்கு?"

"என்ற பங்கு காயுதில்ல. குடி."

அவள் அண்ணாந்து குடித்தாள். அப்பா எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காக அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாகம் எடுத்தவர் பார்க்கிற பார்வை அது.

வயிற்றுப் புண்ணுக்கு எவ்வளவு செலவானது என்று பண்ணையில் விசாரிக்கிறார்கள். பணம் பெரிதாக ஆகவில்லை, காப்பீட்டு அட்டை தாங்கிக்கொண்டது. எங்களுக்கு ஆன செலவு ஒரு சிறுநீரகம். அது அம்மாவின் இடுப்புக்கு மேலே, இடது பக்கத்தில் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.